நெஞ்சில் தேய்த்த பெப்பர்மிண்ட் எண்ணெய்

அன்று பிற்பகல் எங்கள் கால் பிடிக்கும் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், செவ்வாய்க்கிழமை தவறாமல் வரும் டாக்சி ஓட்டுநர் மணியம் அண்ணன், சுடுநீர்த் தொட்டியில் கால்களை ஊறவைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்த ஒரு சீன ஆன்ட்டி. இல்லாதவர்கள் இரண்டு பேர். முதலாளி, துண்டுகளை மொத்த விலைக்கு வாங்க செமினிக்குப் போயிருந்தார். எங்கள் கடையின் மூத்த கை, பார்வையில்லாத பெரியண்ணன், கிள்ளானில் அக்கா மகளின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தார்.

இந்த ஐந்து பேரையும் நான் மனத்துக்குள் எத்தனையோ தடவை இடம் மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். பெரியண்ணன் இருந்து, நான் கிள்ளானுக்குப் போயிருந்தால்? முதலாளியாவது இருந்திருந்தால்? அப்படிப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. நீங்கள் இப்போதுதான் இந்த வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். எங்கே அழுத்த வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் கடையில் காட்டிக்கொடுப்பார்கள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கடையில் யாரும் காட்டிக்கொடுக்காத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன்.

முப்பத்து மூன்று வயதில் ஒருவன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நம் தொழிலில் வயது கட்டைவிரலில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒன்பது வருடம் கால் பிடித்தேன். வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. இப்போது ஒரு கிடங்கில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, வரும் பெட்டியையும் போகும் பெட்டியையும் பதிவு செய்கிறேன். நாள் முழுவதும் யாரையும் தொடுவதில்லை. யாரும் என்னைத் தொடுவதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான்தான். அம்மா கிள்ளானில் ஒரு பள்ளியில் துப்புரவு வேலை செய்து என்னை டிப்ளோமா வரைக்கும் கொண்டுவந்தார். அந்த டிப்ளோமாவுக்கு வேலை கிடைக்காமல் நான் கால் பிடிக்கும் கடையில் சேர்ந்தபோது, அம்மாவிடம் ‘ஆரோக்கியத் துறையில் வேலை’ என்றேன். பொய் இல்லை. ஆனாலும் உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அம்மா அந்த வார்த்தைகளை அப்படியே ஒப்பிக்கும்போது நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

படித்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடைக்கு வரும் ஒவ்வொரு எண்ணெய்ப் புட்டியின் சீட்டையும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். எங்கள் கடையில் அதிகம் செலவானது பெப்பர்மிண்ட் எண்ணெய். உங்கள் கடையிலும் அதுதான் இருக்கும். அதன் உபயோகத்தை நானும் மனப்பாடமாக வைத்திருந்தேன். தலைவலிக்காரருக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து, நெற்றிப் பொட்டில் மெல்ல வட்டமாகத் தேய்த்தால் இறுக்கம் தளரும். நாள் முழுதும் நின்றே வேலை பார்க்கும் கால்களுக்குத் தொட்டி நீரில் கலந்து கொடுக்கலாம். ஆனால் நேராக நீரில் சொட்டினால் மேலே மிதந்து ஒரே இடத்தில் தோலைச் சுட்டுவிடும். முதலில் வேறு எண்ணெயில் கலந்துகொள்ள வேண்டும். மூக்கடைப்புக்கு ஆவி. பஸ்ஸில் குமட்டுகிறவர்களுக்குக் கைக்குட்டையில் ஒரு சொட்டு. சர்க்கரை டப்பாவைச் சுற்றித் துடைத்தால் எறும்பு சில நாள் வழி மாறிப் போகும். எலிக்கும் பஞ்சில் நனைத்து வைத்துப் பார்த்தோம். எங்கள் கடை எலி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பஞ்சைத் தள்ளிவிட்டு உள்ளே போனது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம் என்று நான் தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்புவேன். குழந்தையின் மூக்குக்குக் கீழே அதைப் பூசினால் மூச்சே திணறிவிடும்.

இவ்வளவும் தெரிந்த நான் வேலைக்கு வந்த மூன்றாம் மாதம், கூட்டம் அதிகமாக இருந்த ஒரு நாள், அவசரத்தில் கலக்காத எண்ணெயை ஒரு பெண்ணின் நெற்றியில் வைத்துவிட்டேன். வியர்வையோடு சேர்ந்து அது கண்ணுக்குள் இறங்கியது. அவர் கத்திய கத்தல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். கால்மணி நேரம் குழாயடியில் நிற்கவைத்துக் கண்ணைக் கழுவினோம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. போகும்போது அவர் என்னைப் பார்த்து, “தம்பி, ஒங்க கைல என்ன இருக்குன்னு ஒங்களுக்கே தெரியல,” என்றார். அன்று அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிறகுதான் அது வெறும் உண்மை என்று தெரிந்தது.

இந்த எண்ணெய் எதையும் குளிரவைப்பதில்லை. குளிர்கிறது என்று தோலை நம்பவைக்கிறது. தோல் நம்பியதும் ஆள் நம்பிவிடுகிறார். ஆள் நம்பியதும், பிடித்துக்கொண்டிருக்கும் நாமும் நம்பிவிடுகிறோம்.

வாசனையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்குள் அது உங்கள் விரல் நகத்துக்குள் குடிபோய்விடும். எத்தனை சோப்பு போட்டாலும் சோற்றில் அது வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க கிள்ளானுக்கு ரயிலில் போவேன். பக்கத்தில் உட்காருபவர் இரண்டு ஸ்டேஷனுக்குள் எழுந்து வேறு இடம் பார்ப்பார். ஒரு பாட்டி மட்டும் ஒரு தடவை, “தலவலியா ஐயா?” என்று கேட்டார். “ஆமாம்” என்றேன். பிரிக்பீல்ட்ஸில் கடைக்கு மேலே, ஒரு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் தங்கியிருந்தேன். வேலை முடிந்து மேலே ஏறினால் மறுநாள் காலை வரைக்கும் என் குரலை நானே கேட்கமாட்டேன்.

அப்படி இருந்த எனக்குச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிடிக்கும். மணியம் அண்ணன் வருவார்.

ஐம்பத்தெட்டு வயது. சாலாக் செலாத்தானில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஓட்டம் குறையும், அப்போது வருவார். அரைமணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வண்டியில் ஏறியவர்கள் பேசியதையெல்லாம் வந்து ஒப்பிப்பார். யாருடைய மகள் எந்தப் பரீட்சையில் தேறினாள், யாருக்கு வீட்டுக் கடன் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அதில் ஒருவரைக்கூட இரண்டாவது தடவை பார்ப்பாரா என்பது நிச்சயமில்லை. எங்கள் எண்ணெயில் நனைத்த பஞ்சை வண்டியின் ஏர்கான் துவாரத்தில் செருகி வைத்திருப்பார், தூக்கம் வராமலிருக்க.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “என்ன டிப்ளோமா, வெரல் தூங்குதா? அமுக்கு லா. நான் குடுக்குற காசுக்கு வலிக்கணும்,” என்பார்.

நான் முதலில் சொன்ன அந்தச் செவ்வாய்க்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு வேறொன்று நடந்தது. அலுவலகத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண், நாற்காலியில் சாய்ந்ததும் கண் சொருகிவிட்டாள். நான் பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வந்து சேர்ந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். முதலாளிதான் விடவில்லை.

“என்னப்பா நீ! கடை வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா எவன் ஒன்கிட்ட வந்து காலக் குடுப்பான்? படிச்சவன்னு சேத்தேன், பயந்தாங்கொள்ளியால்ல இருக்க!”

மணியம் அண்ணனுக்கு அது ஒரு மாதத்துக்குத் தாங்கியது. கொட்டாவி வந்தால், “டிப்ளோமா, ஆம்புலன்ஸக் கூப்டு லா.” கால் மரத்தால், “இன்னும் போன் போடலையா நீ?” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்து, அந்த நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முந்தைய செவ்வாய். அன்று பெரியண்ணன் கடையில் இருந்தார். மணியம் அண்ணன் வந்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, “காத்து புடிச்சிருக்கு. பெரியண்ணே, கொஞ்சம் தேய்ச்சு விடுங்க,” என்றார். நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. நெஞ்சு அடைத்தால் காத்து, முதுகு பிடித்தால் காத்து, தலை சுற்றினால் காத்து. எல்லா வீட்டிலும் ஒரு தைலப் புட்டி இருக்கிறது. அந்தப் புட்டிக்கு ஏற்ற நோயாக எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறோம். பெரியண்ணன் ஒரு குவளை வெந்நீர் குடிக்கவைத்து, பெப்பர்மிண்ட் கலந்த எண்ணெயை நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்தார். இரண்டு பெரிய ஏப்பம் வந்தது. “எறங்கிருச்சு லா!” என்று மணியம் அண்ணன் எழுந்து சட்டையை மாட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கற்றுக்கொண்டிருந்தேன் என்பதே சரி.

இப்போது அந்த நாள்.

இரண்டு பத்துக்கு உள்ளே வந்தார். வந்ததும் நாற்காலியில் விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். காரை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன்.

“வாசல்லயே போட்டேன்.”

“மஞ்சக் கோட்டுலயா? சம்மன் வச்சிருவான் அண்ணே.”

“வைக்கட்டும்.”

சம்மனுக்குப் பயந்து, இலவசமாக நிறுத்த இடம் தேடி அரைமணி நேரம் சுற்றுகிற மனிதர் அவர். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் விழித்திருக்க வேண்டும். கேட்டேன், கேட்டது மனதில் தைக்கவில்லை.

“மறுபடியும் காத்து, தம்பி. இங்க வந்து கல்லு மாதிரி ஒக்காந்துருச்சு,” என்று நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். டிப்ளோமா என்று கூப்பிடாமல் அன்றுதான் முதல் தடவையாகத் தம்பி என்றார். அதுவும் எனக்குத் தைக்கவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பெரியண்ணன் செய்ததை வரிசை மாறாமல் செய்தேன். வெந்நீர். எண்ணெய். நெஞ்சு, விலா, முதுகு. எண்ணெயைத் தாராளமாகவே விட்டேன். ஏப்பம் வந்தது.

“எப்படி இருக்கு அண்ணே?”

“ஜில்லுனு இருக்கு. இப்பப் பரவால்ல.”

அந்தப் பரவாயில்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அவர் கால் பிடிக்கச் சொன்னார். பாதம் ஈரமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பாதம் தொட்டேனோ தெரியாது; வெயிலில் வந்த வியர்வைக்குச் சூடு இருக்கும். இது சில்லென்று இருந்தது. எண்ணெயின் குளிர்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதத்தில் அதுவரை எண்ணெயே வைக்கவில்லை.

“அண்ணே, கிளினிக் போலாமா? பக்கத்துலதான்.”

“காத்துக்குக் கிளினிக்கா? கிளினிக்காரன் பாராசெட்டமால் குடுப்பான். நீ அமுக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “தாட கூட வலிக்குது. சொத்தப் பல்லு. அங்கயும் கொஞ்சம் போடு,” என்றார்.

தாடையிலும் போட்டேன். என்னை மன்னிக்காதீர்கள். நெஞ்சில் கல், தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை. இதை எந்த மருத்துவமனைச் சுவரிலும் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். எழுத்து என்று இருந்தால் விடாமல் வாசிக்கிற நான் அதையும் வாசித்திருக்கிறேன். அந்தச் சுவர் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. வாழைப்பழம் தின்ற பெண்தான் நினைவுக்கு வந்தாள். முதலாளியின் குரல் வந்தது. மறுபடியும் ஆம்புலன்ஸ் வந்து, இவர் எழுந்து ஓர் ஏப்பம் விட்டுச் சிரித்தால், அந்தச் சிரிப்பு எத்தனை மாதம் ஓடும் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. ஒரு மனிதரின் உயிர் என் விரலுக்கு அடியில் இருந்தபோது நான் என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீன ஆன்ட்டிதான் அதை உடைத்தார். அவர் அதுவரைக்கும் ஒன்றும் பேசவில்லை. திடீரென்று தொட்டியிலிருந்து கால்களை எடுத்து, தரை முழுக்கத் தண்ணீர் சொட்ட எழுந்து வந்தார்.

“பாஸ், தெங்கோக் முகா டியா! சுடா பூத்தே லா!” முகத்தைப் பார், வெளுத்துவிட்டது என்று மலாயில் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து மணியம் அண்ணனின் காலிலிருந்து பிடுங்கி எடுத்தார். “தமிழ் ஆள், நீ இன்னும் என்ன மசாஜ் பண்ற? போன் எடு லா!” என்று அரைகுறைத் தமிழில் கத்தினார்.

நிமிர்ந்து பார்த்தேன். தாடையில் எண்ணெய் போட்டபோதுகூட என் விரலைத்தான் பார்த்தேன்; மற்ற நேரமெல்லாம் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. இரண்டு ஐம்பதுக்கு அழைத்தேன்.

“ஆம்புலன்ஸ் வேணாம் லா,” என்று மணியம் அண்ணன் முனகினார். “அதுல ஏறுனா… யாரு என்னைய எறக்கி விடுறது?”

“நான் எறக்கி விடுறேன் அண்ணே. பேசாதீங்க.”

ஆம்புலன்ஸ் வந்தது. கூட நானும் ஏறினேன். ஆன்ட்டி கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாசலில் செருப்பில்லாமல் நின்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் முதன்முறையாக வந்திருந்தார். அதற்குப் பிறகு வரவேயில்லை.

வண்டிக்குள் மலாய்க்கார உதவியாளர் ஒருவர் மணியம் அண்ணனின் சட்டையைத் திறந்து, இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் வில்லைகளை நெஞ்சில் ஒட்டினார். ஒட்டவில்லை. முதல் வில்லை வழுக்கிக்கொண்டு விலாப்பக்கம் இறங்கியது. இன்னொன்றை எடுத்து அழுத்தினார். அதுவும் நழுவியது. குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “மின்யாக் அப்பா இனி?” என்றார். இது என்ன எண்ணெய்?

அவர் ஒரு துணியை எடுத்து வேகவேகமாகத் துடைத்தார். தோளில் கிடந்த கடைத் துண்டை எடுத்து நானும் துடைத்தேன். அவர் மருந்துப் பஞ்சு வைத்துத் துடைத்தார். எண்ணெய் தோலுக்குள் ஊறியிருந்தது. அவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறேன். வண்டி முழுக்க அந்த வாசனை. நான்காவது வில்லையோ ஐந்தாவதோ ஒட்டிக்கொண்டது. சின்னத் திரையில் கோடு வந்ததும் அவர் முகம் மாறியது. ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். வண்டி வேகம் எடுத்தது.

மருத்துவமனையில் ஒரு தமிழ் டாக்டர் வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும்.

“நீங்க வாரிஸா?”

நெருங்கிய சொந்தமா என்று கேட்கிறார். “இல்ல டாக்டர். நான் அவருக்குக் கால் பிடிக்கிறவன்.”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். “வலி எத்தன மணிக்கு ஆரம்பிச்சது?”

“கடைக்கு வந்தப்பவே இருந்துச்சு. ரெண்டு பத்து.”

“எத்தன மணிக்குக் கூப்டீங்க?”

“ரெண்டு அம்பது.”

“நடுவுல?”

“தேய்ச்சேன்.”

எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஏப்பம் வந்துச்சே டாக்டர்,” என்றேன், ஏதோ சாட்சி சொல்வதுபோல. “வெந்நி குடுத்து முதுகத் தேச்சா யாருக்கும் ஏப்பம் வரும் அண்ணா. இதயத்துக்கு அது தெரியாது,” என்றார். பிறகு, “சொந்தக்காரங்க யாரையாச்சும் வரச் சொல்லுங்க,” என்று உள்ளே போய்விட்டார்.

மணியம் அண்ணனின் கைப்பேசி என்னிடம் இருந்தது. பூட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் எண்கள். ‘அம்பாங் ஆன்ட்டி டயாலிசிஸ்’. ‘செமினி டீச்சர் காலை 6’. ‘சென்ட்ரல் பெரிய பெட்டி’. எல்லோரும் வண்டியில் ஏறியவர்கள். ஊரை வைத்தும் சாமானை வைத்தும் பதிந்திருந்தார். கடைசியாகப் பேசிய எண்களில் எங்கள் கடை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: ‘கால் கடை’. ஒரு மனிதருடைய கைப்பேசிக்குள் சொந்தம் என்று ஒருவரைத் தேடி, மருத்துவமனை நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கைப்பேசியையும் யாராவது ஒரு நாள் இப்படித் திறந்தால் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அம்மா, முதலாளி, கடை.

‘தம்பி அம்பாங்’ என்று ஒரு எண் இருந்தது. அதையும் பயணி என்றுதான் நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அழைத்தேன்.

“மணியம் அண்ணன் நம்பர்லேர்ந்து பேசுறேங்க. ஒங்களுக்கு அவரத் தெரியுமா?”

எதிர்முனையில் ஒரு கனமான குரல். “நான் அவனோட கூடப்பொறந்தவன். என்ன, செத்துட்டானா?”

“இல்லங்க. உள்ள இருக்காரு.”

எட்டு வருடமாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. “எந்த ஆஸ்பத்திரி?” என்றார். ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார். அதே நெற்றி, அதே மூக்கு. என் பக்கத்தில் உட்கார்ந்தவர், வாசனை தாங்காமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

மணியம் அண்ணன் பிழைத்துக்கொண்டார். இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கவில்லை. அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஆனால் இரத்தம் இல்லாமல் கிடந்த தசையில் கொஞ்சம் இறந்துவிட்டது, அது திரும்ப வராது என்று அதே டாக்டர் தம்பிக்கு விளக்கினார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடந்ததோ அவ்வளவு சேதம் என்றார். என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார்.

பெரியண்ணன் கிள்ளானிலிருந்து திரும்பியதும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தப்பு கண்டுபிடிப்பார், அந்தத் தப்பைத் திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன். அவர் தன் விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார்.

“போன வாரம் தேய்ச்சது நான்தானடா. என் கைக்குத் தெரியாதது இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன், முப்பது வருசமா. அன்னைக்கும் அது காத்து இல்ல. ஏப்பத்தக் கேட்டதும் என் கை கேக்குறத விட்டுருச்சு.”

யார் இருந்திருந்தாலும் முடிவு ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அது ஆறுதலாக இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது பெரிய விஷயம் இல்லை. வலி என்று வருபவர் வலிக்கு ஒரு பெயரையும் சேர்த்துக் கொண்டுவருவார். பெயரை வாங்கிக்கொள்ளாதீர்கள். நெஞ்சு என்று சொன்னால் எண்ணெய்ப் புட்டியைத் திறக்காதீர்கள், கால் பக்கம் குனியாதீர்கள், முகத்தைப் பாருங்கள். வியர்வை குளிர்ந்திருந்தால் முதலில் போன். அது வாழைப்பழத்தில் முடிந்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முதலாளி திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் உங்கள் கையை அவர் கையில் வையுங்கள். அவ்வளவு போதும். எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். எண்ணெய் அதற்கு ஒரு சாக்கு.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு அம்பாங்குக்குப் போனேன். மணியம் அண்ணன் தம்பி வீட்டின் பின்னறையில் இருந்தார். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். டாக்சி பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அறையிலிருந்து கேட்டைத் திறக்க வந்தவர் வழியில் இரண்டு தடவை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். சின்ன வீடு. பதினைந்து அடி இருக்காது.

“என்ன டிப்ளோமா, ஆம்புலன்ஸ்லயா வந்த?”

சிரிக்க முயன்றேன்.

உட்கார்ந்தோம். பேச அவரிடம் ஒன்றும் இல்லை. வண்டியில் யாரும் ஏறுவதில்லையே. ஜன்னல் வழியாகத் தெரிந்த எதிர் வீட்டுப் பூனையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெறும் தேங்காய் எண்ணெய் கொண்டுபோயிருந்தேன்.

“இது என்னா எண்ணெ? வாசனையே இல்ல. கால் புடிக்கிற மாதிரியே இல்ல லா.”

“இனிமே இதுதான் அண்ணே.”

“ஒன் மேல கோவம் இல்லடா. காத்துன்னு சொன்னது நான்தானே.”

“கேட்டது நான்தானே அண்ணே.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முன்பெல்லாம் அரைமணி நேரத்துக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், பத்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிட்டார். காலைக் கீழே வைத்தால் விழித்துவிடுவாரோ என்று, அவர் தம்பி வேலை முடிந்து வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மொத்தத்தில் எவ்வளவு ஆனது என்று அந்தத் தம்பி ஒரு தடவை என்னைக் கேட்டார். முதல் நாள் ஆஸ்பத்திரியில் நான் பணம் ஏதாவது கட்டியிருப்பேன் என்று நினைத்துவிட்டார் போலும். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை; உங்களுக்குச் சொல்கிறேன். கடைக்குள் நாற்பது நிமிடம். வண்டியில், நெஞ்சிலிருந்த எண்ணெயைத் துடைக்க நான்கு நிமிடம். ஆக நாற்பத்து நான்கு நிமிடம்.